தெரியாத தாயை மேடையில் எழுதலாமா?

வாசகர் கடிதம்:

அக்கா, வணக்கமுங்க. எனக்கு 27 வயது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை. 1998-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தில் (வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லும் திட்டம்) வந்த குழந்தை நான். எட்டு மாதத்தில் என் அப்பா அம்மா என்னைத் தத்தெடுத்தார்கள். இது எனக்குத் தெரிந்தது பதினாலு வயதில். ஒரு சீர் வீட்டில் சொந்தக்கார அத்தை ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

இப்போது வார இறுதிகளில் கோவையில் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறேன். என் கதையை நாற்பது நிமிட ஓராள் நாடகமாக எழுதியிருக்கிறேன். எங்கள் இயக்குநர் அதைக் குறும்படமாகவும் எடுத்து யூடியூபில் போட நினைக்கிறார். மழை இரவில் ஒரு பெண் அழுதுகொண்டே என்னைத் தொட்டிலில் விட்டுப் போவதும், முடிவில் நான் அவரைக் கண்டுபிடிப்பதும் இருந்தால்தான் படம் நிற்கும் என்கிறார். கேமராவோடு சேலம் பக்கம் போய் விசாரிக்கலாம் என்றும் சொல்கிறார்.

அம்மாவோ, "ஊர் பேசறதுக்கா கண்ணு உன்னைத் தூக்கி வளர்த்தோம்? கல்யாணம் முடியட்டும், அப்புறம் என்ன வேணாலும் பண்ணிக்க" என்கிறார். அப்பா வாயே திறப்பதில்லை. வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது என் கதைதானே அக்கா? சொல்ல எனக்கு உரிமை இல்லையா? என் கோப்பைப் பார்க்க உரிமை உண்டா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். இது உங்கள் கதை, சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வயது வந்த ஒருவர் தான் தத்தெடுக்கப்பட்டவர் என்று மேடையேறிச் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பெற்றோரின் கையெழுத்தும் அதற்குத் தேவையில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு காட்சி என்னை நகரவிடவில்லை. அந்த மழை இரவு. அது உங்களுக்கும் தெரியாது, உங்கள் இயக்குநருக்கும் தெரியாது. அன்று மழை பெய்ததா, பகலா இரவா, கொண்டுவந்தது பெற்றவரா, அவருடைய மாமியாரா, ஊர் மருத்துவச்சியா, பெற்றவர் அப்போது உயிரோடு இருந்தாரா என்பதுகூட யாருக்கும் தெரியாது. உங்கள் நாடகத்தில் நீங்கள் நேரில் இருந்த காட்சிகள் எத்தனையோ இருக்கும். சீர் வீட்டில் காதில் விழுந்த பேச்சு இருக்கிறது. மருத்துவர், "குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை, பிரஷர் இருக்கா?" என்று கேட்கும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்த நிமிஷம் இருந்திருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயரைப் பார்த்துவிட்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது இருந்திருக்கலாம். இவற்றையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு, யாருமே பார்க்காத ஒன்றை நடுவில் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறார் இயக்குநர். வேண்டாம் என்பது என் ஆலோசனை. தெரியாததைத் தெரியாததாகவே மேடையில் விடுங்கள். அந்தக் காலியிடம்தான் தத்துப்பிள்ளைகளின் அனுபவத்தில் பாதி. அழுகிற தாய் ஒருத்தியை வைத்து அதை அடைத்துவிட்டால் பார்ப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும், உங்கள் அனுபவம் வெளியே போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாடு அரசு 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். இன்றைய நாமக்கல் மாவட்டமும் அப்போது சேலத்துக்குள்தான் இருந்தது. பெண் சிசுக்கொலை நடந்துகொண்டிருந்த பகுதி என்பதால் அங்கே தொடங்கினார்கள். 2001-க்குப் பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி என்று விரித்தார்கள். 'கொல்லாதீர்கள், எங்களிடம் விட்டுவிடுங்கள், யார் என்று கேட்க மாட்டோம்' என்பதுதான் அந்தத் தொட்டில் தாய்மார்களுக்குக் கொடுத்த வாக்கு. அந்த வாக்கை நம்பி ஒருவர் உங்களை விட்டுச் சென்றிருக்கிறார். அவர் இன்று ஐம்பதை நெருங்கும் வயதில், சேலத்திலோ ராசிபுரத்திலோ ஏன் திருப்பூரிலேயே ஏதோ ஒரு கம்பெனியிலோ இருக்கக்கூடும். உங்கள் படம் அவர் கைப்பேசிக்கே வந்து சேரலாம். திரையில் ஓடுவது தன் கதை என்று அவர் நினைத்துக்கொள்ளவும் கூடும், அது அப்படி நடக்கவே இல்லை என்றாலும்.

அந்த மழைக் காட்சியில் யார் இல்லை என்றும் பாருங்கள். தகப்பன் இல்லை. இரண்டாவதும் பெண்ணா என்று முகம் திருப்பிய வீட்டார் இல்லை. வரதட்சணைக் கணக்குப் போட்டவர்கள் இல்லை. நனைந்துகொண்டு ஒருத்தி மட்டும் நடந்து போகிறாள், குற்றம் முழுவதும் அவள் தலையில் ஏறுகிறது. நம் சினிமா இதைப் பல காலமாகச் செய்துவருகிறது. 'நீ எங்களுக்குப் பொறந்தவ இல்லை' என்று கோபத்தில் ஒருவர் கத்த இடைவேளை விடுவது, பெற்றவளைக் கட்டிப்பிடித்ததும் படம் முடிவது. தத்து என்பதை வெடிக்க வேண்டிய ரகசியமாகவும், மறுசந்திப்பை அதற்கு மருந்தாகவும் காட்டிக் காட்டி, ஆலோசனைக்காக என் அறைக்கு வருகிற பெற்றோர் பலரும் அதே பயத்தோடுதான் வந்து உட்காருகிறார்கள்.

மாறாகச் செய்த படங்களும் இருக்கின்றன. 2002-ல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் ஒன்பதாவது பிறந்தநாளன்று பெற்றோரே குழந்தையிடம் உண்மையைச் சொல்கிறார்கள். அவள் பெற்றவளைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க, அவர்களே அவளை இலங்கைக்கு அழைத்துப் போகிறார்கள். பலருக்கும் தாயும் மகளும் சந்திக்கும் இடம்தான் நினைவிருக்கிறது. எனக்குப் பெரிதாகப் படுவது, வளர்த்தவர்கள் கூடவே போனார்கள் என்பது. உங்கள் அம்மாவோடு உட்கார்ந்து அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். பார்த்த பிறகு எதுவும் கேட்காதீர்கள், அவராகப் பேசட்டும்.

இங்கிலாந்தில், வயது வந்த தத்துப்பிள்ளைகள் தங்கள் அசல் பிறப்புப் பதிவைப் பார்க்க 1975-ல் சட்டம் வழிவிட்டது. மைக் லீ இயக்கிய 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' (1996) அந்த உரிமையிலிருந்துதான் தொடங்குகிறது. நாயகி ஒரு சமூகப் பணியாளரின் அறைக்குப் போகிறாள், கோப்பு அவள் கைக்கு வருகிறது. பெரிய இசை இல்லை, மழை இல்லை. ஒரு மேசை, சில தாள்கள், இரண்டு பெண்கள். நாடகக்காரர் என்ற முறையில் அந்தக் காட்சியை நீங்கள் பார்க்க வேண்டும். கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்துப்போன டியான் போர்ஷே லீம் 2000-ல் எடுத்த 'ஃபர்ஸ்ட் பெர்சன் ப்ளூரல்' என்ற ஆவணப்படம் இன்னும் நெருக்கமானது. தன் தத்துக் கோப்பில் இருந்த பெயரும் விவரமும் வேறொரு சிறுமியுடையவை, அவளுடைய இடத்தில் தன்னை அனுப்பிவிட்டார்கள் என்பதைக் கண்டறிந்தவர் அவர். பெற்ற குடும்பத்தையும் வளர்த்த குடும்பத்தையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார். அங்கே எதுவும் எளிதாக இல்லை, பேச்சு தடுமாறுகிறது. கோப்பே பொய் சொல்லக்கூடும் என்பதை அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. நம் கொங்கு நாட்டிலேயே தத்துப்பிள்ளையின் கதை ஊர் ஊராக ஆடப்படுகிறது. வள்ளிக்கும்மியைத்தான் சொல்கிறேன். கிழங்கு அகழ்ந்த குழியில் மான் ஈன்றுவிட்டுப் போன குழந்தை வள்ளி. வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்க்கிறான். மேட்டுப்பாளையம் பக்கத்தைச் சேர்ந்த எம். பத்ரப்பன் அவர்களுக்கு இந்தக் கலைக்காக 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்று கோயில் திடல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் இறங்கி ஆடுகிறார்கள். எடுத்து வளர்த்த மகள் என்பதற்காக வள்ளியை ஒரு படி கீழே வைத்துப் பாடியவர்கள் யாரும் இல்லை. ஆனால் நான் கேட்ட எந்தப் பாட்டிலும் வள்ளி, "என்னைக் குழியில் விட்டது யார், ஏன்?" என்று கேட்டதும் இல்லை. அவளுக்காக முருகன் வருகிறான், யானை வருகிறது, கல்யாணம் வருகிறது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இடம் வரவில்லை. கும்மி அடவின் நடுவே உங்கள் வள்ளி நின்று அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மழை இரவைவிட இது நம் ஊர்ப் பார்வையாளரை ஆழமாகத் தொடும் என்று நம்புகிறேன். கேள்வி கேட்டதற்காக அவள் நம்பிராசனை ஒதுக்கிவிட்டதாக யாரும் எண்ண மாட்டார்கள், உங்கள் அம்மா உட்பட.

பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களைப் பாடும் நம் அண்ணன்மார் கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களில் காங்கேயம் பக்கம் உடுக்கைப் பாட்டாகப் பதிவு செய்த பாடத்தில், பொன்னர் சங்கரின் தகப்பனார் குன்னுடையாக் கவுண்டரே பிள்ளையில்லாத தம்பதிக்குக் கற்குவியலின் கீழே கிடைத்த குழந்தைதான். வளர்த்தவர்கள் காலமானதும் பங்காளிகள் அவரை விரட்டிவிடுகிறார்கள். விடிய விடிய அழுது கேட்கிற அந்தக் கதையின் வேரிலேயே தத்துப்பிள்ளையின் உரிமைச் சண்டை இருக்கிறது. உங்கள் பெற்றோரின் பயத்திலும் ஊர்ப்பேச்சு பாதி, பங்காளிகள் பாதி என்று படுகிறது. அப்பாவின் நிலம் பற்றி யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம். அதைச் சட்டம் தெளிவாகத் தீர்த்து வைத்திருக்கிறது. முறையாகத் தத்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து நீங்கள் எல்லா வகையிலும் அவர்களுடைய மகள், வாரிசுரிமை உட்பட. நாடகம் போடுவதால் அதில் ஒரு சென்ட்கூடக் குறையாது. இதை அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

இனி உங்கள் கோப்பு.

உங்களைத் தத்தெடுத்த காலத்தில் இளைஞர் நீதிச் சட்டத்தில் தத்தெடுப்பு இடம்பெறவில்லை, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அது வந்தது. இந்துக் குடும்பம் என்றால் 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி நடந்திருக்கும். பெற்றோர் யார் என்று தெரியாத குழந்தையைக் காப்பாளர் தத்துக் கொடுக்க நீதிமன்றத்தின் முன்அனுமதி வேண்டும் என்று அதன் 9-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ஒரு நீதிமன்ற உத்தரவு இருக்க வேண்டும். அதன் நகல் அப்பாவின் பீரோவில் நிலப்பத்திரங்களோடு இருக்க வாய்ப்பு அதிகம். பேசாத அப்பாவிடம் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. "என்னைப் பத்தின காயிதம் உங்ககிட்ட இருக்குதுங்களாப்பா? நான் பார்க்கோணும்" என்று கேளுங்கள். நாடகத்தைப் பற்றி அப்போது வாய் திறக்க வேண்டாம். அந்த உத்தரவில் உங்களைக் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கும், அடுத்த படிக்கு அது வேண்டும்.

அடுத்த படி, விண்ணப்பம். தத்துப்பிள்ளைகள் தங்கள் பிறப்பின் விவரத்தைத் தேடுவதற்கு 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகளில் இடம் இருக்கிறது. நீங்கள் கேட்டால் அந்த நிறுவனமும், கலெக்டர் அலுவலகத்தோடு சேர்ந்து இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும், சென்னையில் உள்ள மாநிலத் தத்தெடுப்பு வள முகமையும், டில்லியில் உள்ள 'காரா' என்ற மத்திய ஆணையமும் உதவக் கடமைப்பட்டவை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரும் சேர்ந்து கேட்க வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை. நீங்கள் எங்கிருந்து, எந்தச் சூழலில் வந்தீர்கள், தத்து எப்படி நடந்தது என்பதை அவர்கள் உங்களுக்குத் தெரிவிக்கலாம். ஆனால் பெற்றவரின் அந்தரங்க உரிமையை உங்கள் உரிமை மீறக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. அவர் மறுத்துவிட்டாலோ கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, எதனால் விட்டுச் சென்றார் என்ற சூழலை மட்டும் உங்களுக்குச் சொல்வார்கள்.

இன்னொன்றும் அந்த விதியில் உண்டு. உங்களுக்குப் பதிலாக மூன்றாவது ஆள் தேட அனுமதி கிடையாது. ஆகவே உங்கள் இயக்குநர் கேமராவோடு சேலம் பக்கத்து ஊர்களில் இறங்கி, '1998-ல் பொம்பளப் புள்ளையத் தொட்டில்ல விட்டது யாரு?' என்று விசாரிப்பது கூடவே கூடாது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். அப்படி ஒரு கேள்வி ஒரு கிராமத்துத் தெருவில் விழுந்தால், அன்று சாயங்காலமே ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண் அடி வாங்குவாள். அவள் உங்களைப் பெற்றவளாகக்கூட இருக்க மாட்டாள். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

தொட்டில் குழந்தை என்பதால் கோப்பில் பெயர் எதுவும் இல்லாமல் இருக்கலாம். தேதி, இடம், எடை, உடல்நிலை, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்து, அவ்வளவுதான் என்றாகலாம். அதற்கு மனத்தைத் தயார்செய்துகொண்டு போங்கள். கூட நம்பிக்கையான ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், அது உங்கள் அம்மாவாக இருந்தால் இன்னும் நல்லது. இதில் ஒரு பெரிய முரண் இருக்கிறது. குழந்தை இயன்ற வரை தன் பெற்றோரை அறியும் உரிமையைச் சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது 1992-ல். அதே ஆண்டில்தான் சேலத்தில் பெயர் கேட்காத தொட்டிலும் வைத்தோம். இரண்டும் நல்லெண்ணத்தில் கொடுத்த வாக்குகள். இரண்டும் மோதுகிற இடத்தில் நிற்பவர் நீங்கள். இந்தக் கோபத்தை நாடகத்தில் வையுங்கள். எடையும் தேதியும் மட்டும் எழுதிய ஒரு தாளை நீங்கள் உரக்கப் படிக்கும் காட்சியை எந்த இயக்குநரும் 'நிற்காது' என்று சொல்ல முடியாது.

அம்மாவுக்கு வருவோம். அவர் சொன்னதில் 'ஊர்' என்ற சொல்லைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கேட்பது வேறு. எத்தனை வருடம் குழந்தை இல்லாமல் இருந்திருப்பார், எத்தனை சீர்களில் பின்வரிசையில் நிறுத்தியிருப்பார்கள், எத்தனை கோயிலுக்கு நடந்திருப்பார். 'இத்தனையும் தாண்டி நான் அவளுக்கு அம்மாவானேன், இப்ப மேடையில வேற ஒருத்தியத் தேடறா' என்பதுதான் அவர் பயமாக இருக்கும். உங்கள் நாடகத்தை அரங்கில் யாரும் பார்ப்பதற்கு முன், வீட்டில் அவருக்கு மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அனுமதி வாங்குவதற்காக வாசிக்காதீர்கள். அவர் வருகிற காட்சிகள் அவருக்கு எப்படிப் படுகின்றன என்று தெரிந்துகொள்ள வாசியுங்கள். அவருடைய மலட்டுப் பேச்சுக் காயங்களும், சிகிச்சைகளும், அப்பாவோடு நடந்த சண்டைகளும் அவருடைய கதைகள். அவர் வேண்டாம் என்றால் அவற்றை எடுத்துவிடுங்கள், நாடகம் இளைத்தாலும் பரவாயில்லை. சீர் வீட்டில் உங்கள் காதில் விழுந்தது உங்களுடையது, அதை எடுக்கச் சொன்னால் எடுக்காதீர்கள். உண்மையை நீங்கள் பிறர் வாயிலிருந்து கேட்க நேர்ந்ததற்கு அவர்களும் பொறுப்பு. பாரதக் கதையில் கர்ணனுக்குப் பெற்றவள் உண்மையைச் சொல்வது அவனுக்குத் தேவைப்பட்ட காலத்தில் அல்ல, அவளுக்குத் தேவைப்பட்ட வேளையில். பதினாலு வயதில் உங்களுக்கும் அப்படித்தான் வந்தது. அதைக் குறை சொல்லாமல், நடந்தது நடந்தபடி நடித்துக் காட்ட முடியும்.

கல்யாணம் முடியட்டும் என்கிறாரே, அதில் எனக்கு உடன்பாடில்லை. வரன் வீட்டார் வந்ததும் முதலில் 'எந்தக் கூட்டம்', அதாவது எந்தக் குலம், என்று கேட்பார்கள். அப்பாவின் கூட்டம்தான் உங்கள் கூட்டம், சொல்வதில் பொய் இல்லை. ஆனால் தத்து என்பதை மறைத்துக் கட்டிவைத்தால், பிற்பாடு ஏதோ ஒரு சீரில் ஏதோ ஒரு அத்தை அதே வேலையை மறுபடியும் செய்வார், அப்போது கேட்பது உங்கள் பிள்ளையாக இருக்கும். மாப்பிள்ளையிடம் நிச்சயத்துக்கு முன்பே நீங்கள் நேரில் சொல்லிவிட வேண்டும். அவர் அதை நாடக மேடையிலோ யூடியூபிலோ முதலில் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. அந்த மரியாதை அவருக்கும் சேர வேண்டியது. வரன் எதுவும் உறுதியாகாத இந்த மாதங்களில் நாடகம் நடந்தால் குடி முழுகிவிடாது. விலகுகிறவர்கள் இருப்பார்கள், நம் பக்கத்து நிலவரம் எனக்கும் தெரியும். விலகட்டும்.

மேடைக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் கவனமாக இருங்கள். அரங்கில் எண்பது பேர் முழு நாற்பது நிமிடமும் உட்கார்ந்து பார்ப்பார்கள், முடிந்ததும் உங்கள் முகம் பார்த்துப் பேசுவார்கள். இணையத்தில் உங்கள் அழுகையை மட்டும் முப்பது நொடிக்கு வெட்டி, மேலே ஏதோ ஒரு தலைப்பு போட்டு, உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கே அனுப்புவார்கள். அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே முதலில் நாடகம். படம் கோப்பு வந்த பிறகு.

படம் எடுப்பதென்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், நட்பு வேறு, இது வேறு. நீங்கள் எழுதிய பிரதியின் பதிப்புரிமை உங்களுடையது, கையெழுத்திட்டுக் கொடுக்காத வரை அது யாருக்கும் போகாது. ஆனால் எடுத்து முடித்த படத்தின் உரிமை சட்டப்படி தயாரிப்பாளருக்குப் போய்விடும். இறுதி வடிவத்தை நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே வெளியிட வேண்டும், நீங்கள் கேட்டால் இணையத்திலிருந்து நீக்க வேண்டும் என்ற இரண்டையும் எழுதி வாங்குங்கள். ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காப்பகத்தில் இப்போது இருக்கும் குழந்தைகளின் முகத்தையோ பெயரையோ படத்தில் காட்டக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 74-ஆம் பிரிவின்படி அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் கோப்பின் பக்கங்களைக் காட்டுவதாக இருந்தாலும் மற்றவர்களின் பெயர்களை மறைத்துவிடுங்கள்.

ஒத்திகை பற்றி ஒரு வார்த்தை. சீர் வீட்டுக் காட்சியை நீங்களே ஐம்பது முறை நடித்தால் ஐம்பது முறையும் பதினாலு வயதுக்குப் போய் வர வேண்டியிருக்கும். நீங்கள் கதைசொல்லியாக நின்று, அந்தச் சிறுமியை வேறொரு நடிகை செய்யட்டும். ஓராள் நாடகம் என்பதைவிட உங்கள் தூக்கம் முக்கியம். நிறுத்தச் சொல்ல ஒரு சொல்லைக் குழுவில் முடிவுசெய்துகொள்ளுங்கள், நீங்கள் அதைச் சொன்னால் காரணம் கேட்காமல் ஒத்திகை நிற்க வேண்டும். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970-களில் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. காட்சியைப் பாதியில் நிறுத்தி, பார்வையாளர் ஒருவரை மேடையேற்றி, 'இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று நடிக்கவைப்பது. சீர் வீட்டுக் காட்சிக்கு அது பொருத்தமாக இருக்கும். அந்த அத்தையின் இடத்தில் யாராவது வந்து நிற்கட்டும், தங்கள் வாயை எப்படி அடக்கிக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதல் காட்சியைப் பொது அரங்கில் போடாதீர்கள். தத்தெடுத்த பெற்றோர், வளர்ந்த தத்துப்பிள்ளைகள் என்று இருபது பேரை அழைத்துப் போடுங்கள். தான் தத்து என்று இன்னும் தெரியாத ஒரு பிள்ளை பெற்றோருடன் வந்துவிடக் கூடும். ஆகவே நாடகம் எதைப் பற்றியது என்பதை அழைப்பிலேயே தெளிவாகப் போட்டுவிடுங்கள். முடிந்ததும் கேள்வி நேரம் வைத்தால், எவற்றுக்குப் பதில் சொல்ல மாட்டீர்கள் என்பதை முன்பே எழுதி இயக்குநரிடம் கொடுத்துவிடுங்கள். 'பெத்தவங்களக் கண்டுபிடிச்சீங்களா?' என்று கட்டாயம் கேட்பார்கள். 'அதைப் பேச விரும்பவில்லை' என்பதே முழுமையான பதில்.

இந்த வாரமே செய்ய வேண்டியது அப்பாவிடம் அந்தக் காகிதத்தைக் கேட்பது. கிடைத்தால், விண்ணப்பத்தில் உங்கள் பெயர், பிறந்த தேதி, தத்துக் கொடுத்த நிறுவனம், உத்தரவு எண், உங்களுக்கு என்னென்ன விவரம் வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். காகிதம் கிடைக்காவிட்டால், சேலம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் போய், பிறந்த ஆண்டையும் பெற்றோர் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பதில் வருவதற்குள் மனம் தாங்காத இரவுகள் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. கோப்பு கைக்கு வந்ததும், அதில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், எனக்கு எழுதுங்கள். நாடகப் பிரதியை அதற்குப் பிறகு சேர்ந்து பார்ப்போம்.